ஏழாவது பெயர்

2024 டிசம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, பிடித்து வைத்திருந்ததை வைத்து ஒப்பேற்றினேன். சினேகா குளிக்காமலே பள்ளிக்கூடம் போனாள். பரீட்சை வருஷத்தில் குளியல் ஒரு ஆடம்பரமாம். பிளஸ் டூ வந்ததிலிருந்து அவள் வாயில் வருவதெல்லாம் இப்படித்தான்.

கண்ணாடிக் கடையில் உட்கார நேரமில்லை. பிள்ளையார்பட்டிக்கு வந்த வேனில் யாரோ ஒருவர் மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டார் என்று வேன் மொத்தமும் கடைக்குள் ஏறிவிட்டது. ஒருவருக்குக் கண்ணாடி, பதினைந்து பேருக்கு அபிப்பிராயம். முதலாளி சிரிக்கிறார். நிற்பது நான்தானே.

ராத்திரி வந்தும் தண்ணீர் இல்லை. இவர் மோட்டாரைப் பார்க்கப் போய், அறை பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார்.

டிசம்பர் 11

மோட்டார் கெடவில்லை. காவல்காரர் ஐயனார் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "பூட்டச் சொல்லிட்டாக தாயி. சாவியவும் வாங்கிட்டுப் போயிட்டாக."

டிசம்பர் 14, சனி

சேவுகன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷமாக வாடகை கொடுப்பது அவரிடம்தான். இடையில் இரண்டு வருஷம் வேறொருவர் வாங்கினார், அப்புறம் மறுபடி இவர். முறை என்பார்கள். பங்காளிகளுக்குள் யார் எப்போது வீட்டைப் பார்த்துக்கொள்வது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அது எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. பெரிய வீட்டின் கடைசிக் கட்டு, அதாவது பின்பகுதியில் இருக்கும் பழைய சமையல்கட்டில், குடியிருக்கிறோம். முன்னால் இருப்பதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. வாசலைப் பார்க்க வேண்டுமென்றால்கூடச் சந்து வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

போன மாதம் அவர்தான் வந்து, ஓட்டல்காரர்கள் வீட்டைக் கேட்கிறார்கள், காலி பண்ணுங்கள் என்றார். பிள்ளைக்கு மார்ச்சில் பரீட்சை, முடிந்ததும் போய்விடுகிறோம் என்று சொன்னோம். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது இது.

அண்ணன் என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, நான் பூட்டவில்லை, பங்காளிகள் எடுத்த முடிவு என்றார். யார் அந்தப் பங்காளி என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார். அவருக்கும் இதில் ஒன்றும் சந்தோஷமில்லை போலத்தான் இருந்தது. ஓடு ஒழுகுகிறது, யாரும் பணம் போட மாட்டேன் என்கிறார்கள், மெட்ராஸில் இருப்பவர் போனே எடுப்பதில்லை என்று என்னிடமே புலம்பினார். நான் தண்ணீர் கேட்கப் போனவள். அவர் ஓட்டுக் கதை கேட்டுவிட்டு வந்தேன்.

காப்பி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 17

தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. வரும் நாளில் நானும் சினேகாவும் சந்து வழியாகக் குடம் தூக்குகிறோம். அவள் உயிரியல் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள்.

பூட்டை உடைக்கிறேன் என்று இவர் சுத்தியலை எடுத்துவிட்டார். அலுமினியக் கதவு, ஜன்னல் மாட்டுகிற ஆளுக்குப் பூட்டு எம்மாத்திரம். நான்தான் தடுத்தேன். உடைத்தால் நாம்தான் திருடர்கள், அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஆகிவிடும். "அப்ப என்னதான் செய்யச் சொல்றே?" என்றார். எனக்கும் தெரியவில்லை. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

டிசம்பர் 20, வெள்ளி

லென்ஸ் மாற்ற வந்த ஒரு பெரியவர், தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். வாடகைத் தகராறுக்கென்றே ஒரு அதிகாரி உண்டு, தேவகோட்டைக்குப் போய் மனுக் கொடுங்கள் என்றார். வாடகை பாக்கியே இருந்தாலும் தண்ணியையும் கரண்டையும் வெட்டக் கூடாதாம், சட்டத்திலேயே இருக்கிறதாம்.

பாக்கி ஒன்றும் கிடையாது. போனில் அனுப்பியதெல்லாம் அப்படியே இருக்கிறது.

2025 ஜனவரி 3, வெள்ளி

லீவு சொல்லிவிட்டுத் தேவகோட்டை போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். ஆபீஸிலும் நின்றேன். இந்த வருஷம் எனக்கு நிற்கிற வருஷம்.

அங்கே மனு வாங்குகிற இடத்தில் ராஜப்ரியா என்று ஒரு மேடம். சின்னப் பெண்தான், பொறுமையாகப் பேசினார். ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணினீர்களா என்றார். இந்த ஊரில் யார் எழுதுகிறார்கள்? வாய்ச்சொல்தான். சரி, வாடகை அனுப்பியது, கேஸ் சிலிண்டர் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் நகல் வைக்கச் சொன்னார். அடுத்துக் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் யார்?

சேவுகன் என்றேன். அவர் ஒருவரா என்றார். இல்லை, பங்காளிகள். எத்தனை பேர்? முழித்தேன்.

"ஒருத்தர் பேரை மட்டும் போட்டீகன்னா, அவரு வந்து எனக்குச் சம்பந்தமில்ல, மத்தவக பூட்டுனாகன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. எல்லாரு பேரையும் கேட்டுட்டு வாங்கக்கா."

எட்டு வருஷம் குடியிருக்கிற வீடு யாருடையது என்று தெரியாமல் குடியிருந்திருக்கிறேன். வரும் வழியெல்லாம் அதுதான் ஓடியது.

ஜனவரி 5, ஞாயிறு

ஐயனாரிடம் கேட்டேன். சின்ன வயசிலிருந்து அந்த வீட்டைக் காக்கிறவர். பத்திரத்தையெல்லாம் அவர் எங்கே பார்த்தார். அவருக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு ஒவ்வொரு பங்குக்காரரும் அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். யார் யார் வேட்டி கொடுக்கிறார்கள் என்று விரலை மடக்கிச் சொன்னார். ஏழு வேட்டி. ஏழு பேர்.

ஏழாவதாக உமையாள் ஆச்சி. வலையபட்டியில், பிறந்த வீட்டில் இருக்கிறாராம். மத்தவர்கள் ஒரு வருஷம் மறந்தாலும் அந்த ஆச்சி மட்டும் பஸ் ஏறி வந்து வேட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாராம்.

எழுதிக்கொண்டேன். எனக்குப் பெயர்தானே வேண்டும்.

ஜனவரி 8

மனுக் கொடுத்தாயிற்று. எதிர்மனுதாரர் ஒன்று முதல் ஏழு வரை. ராஜப்ரியா ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து முத்திரை குத்தி நகல் தந்தார். பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து ரெண்டு தோசை சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் ருசி தெரிந்தது.

ஜனவரி 14

பொங்கல். வாங்கின தண்ணீரில் பொங்கியது. பால் பொங்கியதும் சினேகா ஒப்புக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

சேவுகன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். எட்டு வருஷத்தில் பின்பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நோட்டீஸ் கையில் இருந்தது. கேஸ் போட்டதற்காகத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கேஸு போட்டதக்கூட விடு மீனா. யாரைக் கேட்டு ஏழு பேருன்னு எழுதுனே? நாங்க ஆறு புள்ளி."

எனக்குப் பிடிபட நேரமாயிற்று. புள்ளி என்றால் அவர்கள் கணக்கில் பங்குள்ள ஒரு குடும்பம். உமையாள் ஆச்சியின் கணவர் கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்திலேயே இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. பிள்ளை கூட்டவும், அதாவது தத்தெடுக்கவும், இல்லை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி எல்லாரும் எவ்வளவோ சொல்லியும் ஆச்சி மாட்டேன் என்றுவிட்டாராம். அதனால் அந்தப் புள்ளி முடிந்துவிட்டதாம். கோயில் வரியில் விதவை என்று அவருக்கு அரைப்புள்ளியாவது உண்டு, இந்த வீட்டில் அதுவும் கிடையாது என்றார். வருஷா வருஷம் முன்னோர்களுக்குக் கும்பிடுகிற படைப்புக்குக்கூட அவரிடம் வரி கேட்பதில்லை. வரி கேட்டால் புள்ளி உண்டு என்று ஆகிவிடும் அல்லவா? இப்படி இருக்கும்போது நான் சர்க்கார் காகிதத்தில் அவரை வீட்டுக்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் குரலை இறக்கி, தேவகோட்டைக்குப் போய் அந்த ஏழாவது பேரை மட்டும் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடு, அன்றைக்கே மோட்டார் அறையைத் திறந்துவிடுகிறேன், பரீட்சை முடிகிறவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார்.

அவர் போனதும் இவர், "அவுக குடும்ப வழக்கு நமக்கெதுக்கு? அடிச்சு விட்டுட்டு வா" என்றார். சரிதான். எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த ஆச்சியை நான் பார்த்ததுகூட இல்லை. வெள்ளிக்கிழமை போவதாக முடிவு.

எவ்வளவு லேசாக இருக்கிறது. ஒரு கோடு போட்டால் தண்ணீர்.

ஜனவரி 23, வியாழன்

நாளைக்கு எங்கும் போகப் போவதில்லை. இன்று கடைக்கு ஒரு ஆச்சி வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்து வெறுமை, கையில் மஞ்சள் பை. கண்ணாடிக் காலை நூலால் கட்டியிருந்தார். கண்ணாடி சரிபண்ண வந்தவர் என்று நினைத்து வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க மீனாம்பிகைங்கிறது யாரு?"

நான்தான் என்றேன். பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தார், ஐயனார் கொண்டுபோய்க் கொடுத்ததாம். முகம் தெரியாத ஒரு வயதான பெண்ணை நான் கேஸில் இழுத்துவிட்டேன், அவர் பஸ் ஏறி வந்து கேட்கிறார், என்ன சொல்வது? மன்னிச்சுக்கங்க ஆச்சி, நாளைக்கே உங்க பேரை எடுத்துருறேன் என்று சொல்லிவிட்டேன். அதுதான் அவர் கேட்க வந்தது என்று நினைத்துச் சொன்னேன்.

ஆச்சி காகிதத்தைச் சட்டென்று பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பிடுங்கிவிடுவேன் என்பது போல.

"எதுக்கு எடுக்கணும்? அந்த வீட்டு விலாசத்துல என் பேரைப் போட்டு ஒரு காயிதம் வந்து எத்தன காலமாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? தாலி கட்டி நுழைஞ்ச வீடு. எனக்கு எதிரா நீ எழுதியிருக்கே, இருக்கட்டும். வீட்டுக்காரின்னுதான எழுதியிருக்கே?"

அப்புறம்தான் கேட்டார், என்ன தகராறு என்று. முழுக்கப் படிக்கவே இல்லை. பெயர் இருந்த இடம் வரைக்கும்தான் படித்திருக்கிறார். தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். பொட்டப்பிள்ளை இருக்கிற வீட்டில் தண்ணியைப் பூட்டுவானா என்று சேவுகனைத் திட்டினார். விசாரணைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். கண்ணாடிக்குப் புதுக் கால் போட்டுக் கொடுத்தேன். காசு கொடுக்காமல் போக மாட்டேன் என்றார், வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் இவருக்குக் கோபம். நாளைக்கே தண்ணீர் வர வேண்டியது, உன் இரக்கத்தால் நின்றது என்றார். இரக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பையை அவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு எப்படிப் போய் அடிப்பது? நீங்க அடிப்பீங்களா? கேட்டேன். படுத்துவிட்டார்.

சினேகா மட்டும், இத்தனை நாள் தூக்கியாச்சும்மா, இன்னும் கொஞ்ச நாள் தூக்குவோம் என்றாள். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. தூக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்.

ஜனவரி 30

தோள்பட்டை வலி. கடையில் இன்று ரெண்டு பேருக்கு அளவு தப்பாக எடுத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

விசாரணை. பங்காளிகளில் மூன்று பேர் வந்திருந்தார்கள். சேவுகன் அண்ணன், மதுரையிலிருந்து காரில் ஒருவர், கண்டனூரிலிருந்து ஒருவர். மற்றவர்கள் வரவில்லை. ஆச்சி எங்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்காதது போலச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

வீட்டுக்காரர் யார் என்று அதிகாரி கேட்டார். சேவுகன் அண்ணன், நான் ஒரு பங்குதான், முறைக்கு வாடகை வாங்குகிறேன், அவ்வளவுதான் என்றார். மதுரைக்காரர், நான் ஊரிலேயே இல்லை, நானும் ஒரு பங்குதான் என்றார். மூன்றாமவரும் அதையே சொன்னார். அப்படியானால் பூட்டியது யார்? யாருக்கும் தெரியாது. இவ்வளவு பெரிய வீடு, சொந்தம் என்று சொல்ல ஆள் இல்லை. சொன்னால் மத்த பங்காளிகள் சும்மா விடுவார்களா, அந்தப் பயம்.

ஆச்சி எழுந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் வீட்டுக்காரிங்க. ஏழாவது பேரு என்னுது. குடியிருக்கிறவுகளுக்குத் தண்ணி விடணும்னு நான் சொல்றேன். எழுதிக்கங்க."

மதுரைக்காரர், அவுகளுக்குப் பங்கே கிடையாது என்று ஆரம்பித்தார். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சிவில் கோர்ட்டில் பேசிக்கொள்ளுங்கள், என் முன்னால் இருப்பது தண்ணீர் என்றார் அதிகாரி. தண்ணீர் விடுவதில் ஆட்சேபணை உள்ளவர் யார், பெயரோடு சொல்லுங்கள் என்றார். யாரும் சொல்லவில்லை. ஏழு பேருக்கும் சேர்த்து உத்தரவு போடுவதாகச் சொல்லி அடுத்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார். இத்தனை நாள் தவித்தது, அங்கே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஆச்சிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார் இவர். தானாகவே.

பிப்ரவரி 10

தண்ணீர் வந்துவிட்டது. துணியெல்லாம் துவைத்தேன். வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 3, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. குளித்து, தலை பின்னி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிப் பரீட்சையும் முடிந்தது. வந்தவள் பையைப் போட்ட இடத்தில் அப்படியே தூங்கிவிட்டாள். இவ்வளவு நாள் இதற்காகத்தான். இனி என்ன வந்தாலும் வரட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆச்சி வந்தார். எங்களைப் போலச் சந்து வழியாக இல்லை. ஐயனாரை முன்வாசலைத் திறக்கச் சொல்லி, எல்லாக் கட்டுகளையும் கடந்து எங்கள் பக்கம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சேவுகன் அண்ணன் வலையபட்டிக்கே போய், படைப்புக்கு வரி கேட்டாராம். மற்ற புள்ளிகளுக்கு என்னவோ அதேதான், ஒரு ரூபாய் குறைக்கவில்லையாம். ஓடு மாற்றுகிற செலவிலும் ஒரு பங்கு போடச் சொன்னாராம். வரி கேட்டார்கள் என்று இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. தோட்டை விற்றுக் கட்டிவிட்டேன் என்றார். ஐயோ ஆச்சி என்றேன். காதில் போட்டு யாருக்குக் காட்டப் போகிறேன் என்று சிரித்தார்.

திடீரென்று அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது இந்த நியாயம்? கேட்க நினைத்தேன். ஆச்சி முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஏப்ரல் 21

ஐயனாரிடமிருந்து தெரிந்தது. ஓட்டல்காரர்களின் வக்கீல் தேவகோட்டை உத்தரவைப் பார்த்துவிட்டாராம். அதில் ஏழு வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டைக் குத்தகைக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இன்று படைப்பு முடிந்து கிளம்பும்போது ஆச்சி எங்களிடம் சொல்லிக்கொண்டு போனார். இது தெரிந்தும் நானும் சிரித்துத்தான் அனுப்பினேன்.

மே 4, ஞாயிறு

நேற்று பதிவுத் தபாலில் வந்தது. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி இருக்கிறது. வீடு குத்தகைக்கு விடப்படுவதால் மூன்று மாதத்துக்குள் காலி செய்து தரும்படி கேட்டு, அதுவரை தண்ணீர், மின்சாரத்துக்கு எந்த இடையூறும் செய்ய மாட்டோம் என்று எழுதியே இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே வீட்டுக்காரர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழாவது கையெழுத்து மற்றதையெல்லாம் விடப் பெரிது. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, உமையாள் என்று.

இவர் பார்த்துவிட்டு, "இதுக்காகவா தண்ணி தூக்குனோம்?" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். சினேகா படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

கோபப்படலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் ஆச்சியே போன் பண்ணினார். வந்ததா என்றார். வந்தது ஆச்சி என்றேன். உங்களுக்குக் கஷ்டந்தான், ஒரு மாசம்னு எழுதியிருந்தாக, மூணு மாசம் போட்டாத்தான் கையெழுத்துன்னு நாந்தான் நின்னேன் என்றார். நல்லது ஆச்சி என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கையெழுத்தப் பாத்தியா மீனா? எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாக. கை நடுங்கிப் போச்சு. கோணலா இருக்கா?"

"இல்ல ஆச்சி. நல்லா இருக்கு. உங்களோடதுதான் தெளிவா இருக்கு."

கழனிவாசல் பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம். நாளைக்குக் கடை முடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.